சலவைக்கல்லும் கருங்கல்லும்: மேலாடை மாற்றிய ஒரு கோபுரத்தின் வரலாறு

1973ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள். அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், ராண்டால்ஃப் தெருவில் எழுந்துகொண்டிருந்த வானளாவிய கட்டடம் ஒன்றின் முகப்பிலிருந்து சலவைக்கற் பலகை ஒன்று கழன்று விழுந்தது. ஏறத்தாழ 350 பவுண்டு, அதாவது 160 கிலோவை ஒட்டிய எடையுள்ள அப்பலகை, அண்டையிலிருந்த புரூடென்ஷியல் கட்டடத்தின் கூரையைத் துளைத்துச் சென்றது. அன்று கிறித்துமசுத் திருநாள். வேலை நாள்களில் மக்கள் தோளோடு தோள் உரசி நடக்கும் வணிகப் பகுதி அது. பலகை வேறொரு நாளில், வேறொரு பக்கமாக விழுந்திருந்தால் இவ்வரலாற்றைச் சொல்லும் முறையே வேறாகியிருக்கும்.

கட்டட வேலை நிற்கவில்லை. முகப்பு முழுவதும் வெண்ணிறச் சலவைக்கல் பதிக்கப்பட்டு, கோபுரம் நிறைவெய்தியது. ஆயினும் இருபது ஆண்டுகள் செல்வதற்குள் அப்பலகைகள் யாவும், ஒன்று விடாமல், கழற்றப்பட்டன. அவற்றின் இடத்தைக் கருங்கல் பிடித்தது. வணிகக் கட்டடங்களுக்குச் சலவைக்கல்லா, கருங்கல்லா என்னும் வினாவுக்கு இந்நூற்றாண்டும் சென்ற நூற்றாண்டும் தந்த விடைகளில் இதனினும் விலை மிகுந்தது வேறொன்றைக் காட்டுதல் அரிது.

கட்டடத்திற்கு உரியது இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் எண்ணெய் நிறுவனம். 83 மாடிகள்; 1,136 அடி உயரம். சலவைக்கல் போர்த்திய கட்டடங்களுள் உலகிலேயே உயரமானது என்னும் பெருமை அதற்கு இருந்தது. இத்தாலியின் கராரா மலைகளில் வெட்டிய பலகைகள் ஏறத்தாழ 43,000 அதன் எஃகுச் சட்டத்தின்மேல் பொருத்தப்பட்டன. வரைந்தவர் எட்வர்டு டியூரெல் ஸ்டோன். அவருடன் பெர்கின்ஸ் அண்டு வில் என்னும் நிறுவனம் இணைந்து பணியாற்றியது. ‘ஸ்டோன்’ என்றால் ஆங்கிலத்தில் கல். இப்பெயர்ப் பொருத்தத்தை விதியின் விளையாட்டு என்பதா, வெறும் தற்செயல் என்பதா என்பது படிப்போர் விருப்பம்.

ஸ்டோன் சாதாரணக் கலைஞர் அல்லர். புதுதில்லியில் 1959இல் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகம் அவர் கைவண்ணமே. வாசிங்டனில் 1971இல் திறக்கப்பட்ட கென்னடி கலையரங்கமும் அவருடையதே. அதற்கு வேண்டிய கராராச் சலவைக்கல்லை இத்தாலிய அரசு அன்பளிப்பாக வழங்கியது. நியூயார்க்கில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கோபுரத்திற்கு (1968) ஜார்ஜியா மாநிலத்து வெண்சலவைக்கல்லை அணிவித்தவரும் அவரே. கண்ணாடியும் எஃகுமாக அக்காலக் கட்டடங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல எழுந்தபோது, வெண்மையும் அணியழகும் வேண்டும் என்று நின்றவர் அவர். அவ்விருப்பத்தில் குறைகாண ஒன்றுமில்லை. பூமியின் அடியிலிருந்து கரிய எண்ணெயை எடுத்து விற்ற நிறுவனம் தனக்கென வெண்மையை நாடியதில் வியப்பும் இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. பலகைகளின் தடிமன் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம்.

இக்குறையை உணர, இரு கற்களின் பிறப்பையும் சற்றே அறிதல் வேண்டும். சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் பூமியின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறியது. அதன் உடல் கால்சைட்டு என்னும் ஒரே வகைப் படிகம். சூளையிலிட்டுச் சுட்டால் அது சுண்ணாம்பாகும். இடைக்கால ரோமில் பழைய சிலைகளும் தூண்களும் அவ்வாறே சூளைக்குச் சென்றன. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு பட்டாலே அதன் மெருகு கெடும். கருங்கல்லோ பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது. குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார், அப்பிரகம் ஆகியவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் கலவை அது. கால்சைட்டைக் கத்தி கீறும். குவார்ட்சைக் கத்தியால் கீற இயலாது. கடைகளின் தரையிலும் அலுவலக நடைவழிகளிலும் மணல் ஒட்டிய காலணிகள் நாள்தோறும் தேய்க்கும் இடங்களில் கருங்கல் மெருகு குன்றாதிருப்பதும், சலவைக்கல் சில ஆண்டுகளிலேயே மங்குவதும் இதனாலேயே.

தமிழில் இக்கல்லுக்குக் ‘கருங்கல்’ என்றே பெயர். ஆனால் எல்லாக் கருங்கல்லும் கரியதன்று. சாம்பல், சிவப்பு, வெண்மை என அது பல நிறம் பெறும். வெண்ணிறக் கருங்கல் என்பது சொல்லளவில் முரண்போல் தோன்றினும், பொருளளவில் உண்மை. சிக்காகோக் கோபுரத்தின் வரலாற்றில் அம்முரணே பின்னர் தீர்வாயிற்று.

இனிக் கல்லின் தொழில் மாறிய கதை. அதனை அறியச் சிக்காகோவை விட்டு வெளியே செல்லவேண்டியதில்லை. அந்நகரில் 1891இல் எழுந்த மொனாட்னாக் என்னும் 16 மாடி வணிகக் கட்டடம் தன் சுமையைத் தன் செங்கற் சுவராலேயே தாங்குகிறது. சுவரின் அடித்தடிமன் 6 அடி. அதற்கு முன்னரே, 1885இல், அதே நகரில் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் இரும்பும் எஃகுமான சட்டத்தின்மேல் எழுப்பப்பட்டுவிட்டது. சட்டம் சுமையை ஏற்றுக்கொண்ட பின் சுவருக்குச் சுமக்கும் வேலை இல்லை. வெயிலையும் மழையையும் மறைக்கும் திரையாக அது மாறியது. திரைக்குத் தடிமன் எதற்கு? ஆண்டுகள் செல்லச் செல்ல முகப்புக் கல் மெலிந்தது. கல்லை அறுக்கும் இயந்திரங்கள் திறம் பெறப் பெற, மெலிதல் இன்னும் விரைந்தது. மெலிந்த கல் எடை குறைவு. எடை குறைந்தால் சட்டத்தின் செலவும் குறைவு. கணக்கர்க்கு இதனினும் இனிய செய்தி உண்டோ! தஞ்சைப் பெரிய கோயிலின் கல் தன்மேல் வைத்த கல்லைச் சுமக்கிறது. சிக்காகோக் கோபுரத்தின் கல் எதனையும் சுமக்கவில்லை, அதுவே சுமக்கப்பட்டது.

கருங்கல்லை எவ்வகையிலும் குற்றமற்றதாகக் கொள்வதும் பொருந்தாது. 1871இல் சிக்காகோவை அழித்த பெருந்தீயிலும், அடுத்த ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரின் வணிகப் பகுதியை விழுங்கிய தீயிலும், கருங்கல் முகப்புகள் வெடித்துச் சிதறின. குவார்ட்சு கடும் வெப்பத்தில் திடுமென விரியும் இயல்புடையது. தீயில் நிலைக்கும் என்று நம்பிக் கருங்கல்லில் கட்டிய பாஸ்டன் வணிகர்கள் பட்ட பாடு பெரிது. சுட்ட மண்ணோடு, ஏற்கெனவே தீயைக் கண்டது ஆதலின், மற்றொரு தீயைத் தாங்கும் என்று சிக்காகோக் கட்டடக் கலைஞர்கள் அதன்பின் அதனை விரும்பலாயினர்.

ஆக, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் எது என்பதை முன்னோர் பட்டறிந்து தெளிந்திருந்தனர். இதற்குச் சான்று அதே ராண்டால்ஃப் தெருவில், கோபுரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே நிற்கிறது. 1897இல் சிக்காகோப் பொது நூலகமாகத் திறக்கப்பட்டு, இன்று பண்பாட்டு மையமாக விளங்கும் அக்கட்டடத்தின் அடிப்பகுதி கருங்கல். அதன்மேல் சுவர் சுண்ணாம்புக்கல். கராராச் சலவைக்கல்லும் அங்கு உண்டு. ஆனால் உள்ளே, மழை படாத பெரும் படிக்கட்டில், வண்ணக் கண்ணாடித் துண்டுகள் இழைத்த கோலங்களோடு. நூற்றாண்டுக்கு மேலாகியும் காண்போர் கண்ணை அது கவர்கிறது. எழுபதுகளின் கோபுரத்தை வரைந்தோர் இதனைக் காணாதிருந்திருக்க இயலாது.

நூல்களும் மௌனம் சாதிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் நிலவியல் அறிஞர் ஆர்ச்சிபால்டு கெய்க்கி 1880ஆம் ஆண்டிலேயே எடின்பரோ நகரத்து இடுகாடுகளைச் சுற்றிவந்து, கல்லறைக் கற்கள் எவ்வாறு சிதைகின்றன என ஆராய்ந்து எழுதினார். கல்லறைக் கல்லில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும் அல்லவா? எத்தனை ஆண்டில் எவ்வளவு சிதைவு என்பதை அளக்க அதனினும் ஏற்ற ஆய்வுக்கூடம் வேறில்லை என்பதைக் கண்டுகொண்டது அவரது நுண்ணறிவு. சலவைக்கல் மூன்று வழிகளில் அழிவதாக அவர் வகுத்தார்: மேற்பரப்பு மழைநீரில் கரைதல், உள்ளே மணிகள் பிணைப்பிழந்து உதிர்தல், பலகை வளைந்து பிளத்தல். மூன்றாவதைக் குறித்துக்கொள்ளவேண்டும். சட்டத்தில் பதித்த மெல்லிய பலகைகள் நடுவில் புடைத்து வெளியே வளைந்து நின்றதை அவர் கண்ணாரக் கண்டு எழுதியுள்ளார். 1799இல் மறைந்த வேதியியல் மேதை ஜோசஃப் பிளாக்கின் நினைவுக்கல்லும் அவர் கண்ட சிதைவுகளுள் ஒன்று. கரியமில வாயுவை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியவர் பிளாக். அவ்வாயு கலந்த மழைநீரே சலவைக்கல்லைக் கரைப்பது. இதனை எந்தப் புலவரும் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்றே கருதப்பட்டிருக்கும்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தைச் சேர்ந்த கெஸ்லர் 1919இல் வெளியிட்ட அறிக்கை மேலும் தெளிவானது. சலவைக்கல்லைச் சூடேற்றினால் விரிகிறது, ஆறவிட்டால் சுருங்குகிறது, ஆனால் முன்னிருந்த அளவுக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு முறையும் சிறிது மிஞ்சி நிற்கிறது. இங்கிலாந்தில் ராலே பிரபு, சலவைக்கல் வளைவதையே பொருளாகக் கொண்டு 1934இல் ஓர் ஆய்வுரை எழுதினார்.

இவ்விந்தையின் காரணம் கால்சைட்டுப் படிகத்தின் இயல்பில் உள்ளது. அது சூடேறும்போது ஒரு திசையில் நன்கு விரியும். அதற்குக் குறுக்கான திசையில் சிறிது சுருங்கும். சலவைக்கல்லினுள் கோடிக்கணக்கான மணிகள் பல திசையும் நோக்கிக் கிடக்கின்றன. ஒன்று விரியும் பக்கத்தில் மற்றொன்று சுருங்குகிறது. இந்த இழுபறியில் மணிகளுக்கிடையேயான பிணைப்பு தளர்கிறது. நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. ஈரம் புகுந்து அவற்றை அகலப்படுத்துகிறது. வெளிமுகம் வெயிலையும் பனியையும் மாறி மாறிக் காண, உள்முகம் காணாதபோது, ஒரு முகம் மற்றதைவிட அதிகம் வளர்கிறது. பலகை வில்லாகிறது. ஓர் அடித் தடிமனுள்ள கல்லில் இம்மாற்றம் மேற்பரப்போடு நின்றுவிடும்; உள்ளே கிடக்கும் பருமன் அதனைப் பொருட்படுத்தாது. ஒன்றேகால் அங்குலப் பலகையில் உள்ளே என்று சொல்ல என்ன இருக்கிறது?

கோடையில் கொளுத்துவதும் மாரியில் உறைவதும் சிக்காகோவின் இயல்பு. 1985ஆம் ஆண்டு கோபுரத்தைச் சோதித்த பொறியாளர்கள் பலகைகளில் வெடிப்புகளையும், கண்ணுக்குத் தெரியும் வளைவையும் கண்டனர். ஆய்வகத்தில் இட்டுப் பார்த்தபோது கல்லின் வலு கணிசமாகக் குன்றியிருந்தது. மேலும் குன்றும் என்பதும் புலனாயிற்று. அவ்வாண்டு நிறுவனம் அமோக்கோ எனப் பெயர் மாறியிருந்தது. கோபுரமும் அப்பெயரைச் சூடியது. பெயர் மாற்றுவது எளிது. ஆயிரம் அடி உயரத்தில் தளர்ந்து நிற்கும் பல்லாயிரம் பலகைகளை என் செய்வது? முதற்கட்டமாகத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைக் குறுக்கே இறுக்கிப் பலகைகள் விழாமல் கட்டிவைத்தனர். பட்டினால் செய்த மேலாடையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒரு செல்வர் வீதியில் நிற்பது போன்ற காட்சி அது.

கெட்டவற்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று தோன்றலாம். ஆனால் நோய் சில பலகைகளுக்கு வந்ததன்று. அவ்வகைக் கல்லின் இயல்பே அது. இன்று நேராக நிற்பது நாளை வளையும். ஆதலின் முழுவதையும் மாற்றுவதென முடிவாயிற்று. ஆயினும் நகரம் அக்கோபுரத்தை வெண்மையாகவே கண்டு பழகியிருந்தது. வெண்மை மாறாமல் கல்லை மாற்றவேண்டும். அதற்கு ஏற்ற கருங்கல் வட கரோலினா மாநிலத்து மவுண்ட் ஏரி என்னும் ஊரில் கிடைத்தது. 1889 முதல் வெட்டப்பட்டுவரும் அவ்வூர்க் குவாரி, திறந்தவெளிக் கருங்கல் குவாரிகளுள் உலகிலேயே பெரியது எனப் போற்றப்படுவது. அதன் கல் வெளிர் சாம்பல் கலந்த வெண்ணிறம். இம்முறை தடிமன் 2 அங்குலம். பாடம் கற்றவர்கள் கல்லை மட்டும் மாற்றவில்லை, அளவையும் மாற்றினர் என்பது கருதத்தக்கது.

1990 முதல் 1992 வரை வேலை நடந்தது. செலவு 8 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. கோபுரத்தைக் கட்டவே முதலில் ஆன செலவு 12 கோடி டாலர். மேலாடைக்கு மட்டும், உடலுக்கு ஆனதில் பாதியைத் தாண்டிய தொகை! மெலிந்த கல்லால் மிச்சம் பிடித்த கணக்கை அன்று யாரேனும் எடுத்துப் பார்த்திருப்பார்களாயின், அது பார்க்கத் தக்க கணக்காகவே இருந்திருக்கும். 1999 டிசம்பர் இறுதியில் ஏஆன் மையம் எனப் பெயர் பெற்ற அக்கோபுரம், கருங்கல் வெண்மையோடு நிற்கிறது.

அதே கராராக் கல் வேறு இரு நகரங்களில் வேறு இரு விடைகளைப் பெற்றது. கனடாவின் டொரன்டோவில் 1975இல் நிறைவுற்ற ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் என்னும் 72 மாடி வணிகக் கோபுரத்திற்கும் ஸ்டோனே வடிவமைப்பு ஆலோசகர். அதன் உடலிலும் ஏறத்தாழ 45,000 சலவைக்கற் பலகைகள். 2007 மே 15 அன்று 54ஆம் மாடியிலிருந்து ஒரு பலகை பெயர்ந்து கீழே தாழ்தளக் கூரைமேல் விழுந்தது. சுற்றியிருந்த தெருக்கள் மூடப்பட்டன. பின்னர் 2009 முதல் 2012 வரை பலகைகள் யாவும் அகற்றப்பட்டன. அங்கு சலவைக்கல்லுமில்லை, கருங்கல்லுமில்லை, கண்ணாடி ஏறியது.

ஹெல்சிங்கி நகரத்து விடை எவரும் எதிர்பாராதது. ஃபின்லாந்து கருங்கல் விளையும் நாடு. 1931இல் எழுந்த அந்நாட்டுப் பாராளுமன்றம் கருங்கற் கட்டடமே. அதற்கு அண்மையில், 1971இல், ஆல்வார் ஆல்டோ என்னும் பெருங்கலைஞர் ஃபின்லாந்தியா அரங்கத்தைக் கராராச் சலவைக்கல்லால் போர்த்தினார்; தென்னாட்டுக் கடற்கரையின் ஒளியை வடநாட்டுப் பனிக்குக் கொண்டுவர விழைந்தார் அவர். பலகைகள் வளைந்தன. அரங்கமோ வணிகக் கட்டடம் அன்று, நாட்டின் பெருமைச் சின்னம். கலைஞரின் தேர்வை மாற்றலாகாது என்னும் கருத்து வென்று, தொண்ணூறுகளின் இறுதியில் மீண்டும் கராராக் கல்லே பதிக்கப்பட்டது. அதுவும் வளைந்தது. 2022இல் அரங்கம் மூடப்பட்டு, வட இத்தாலியின் லாசா என்னும் ஊரில் வெட்டிய மற்றொரு சலவைக்கல் அணிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாடகையும் இலாபமும் கணக்கிடும் நிறுவனம் இருமுறை ஏமாற ஒப்பாது. பண்பாட்டின் பெயரால் ஒரு நகரம் அதற்கும் ஒப்பியது. எது அறிவுடைமை என்று எளிதில் சொல்லிவிட இயலாது. ஆயினும் லாசாக் கல்லைத் தேர்ந்ததில் கண்மூடித்தனம் இல்லை. ஐரோப்பிய ஆய்வாளர்கள் பல நாடுகளில் 2000 முதல் 2005 வரை நடத்திய கூட்டாய்வு, எல்லாச் சலவைக்கல்லும் ஒன்றுபோல வளைவதில்லை எனக் காட்டியிருந்தது. மணிகளின் விளிம்பு நேராக, தேன்கூட்டு அறைகள்போல் அமைந்த கல் எளிதில் தளர்கிறது. விளிம்புகள் கோணல்மாணலாக ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுக் கொண்ட கல் தாக்குப்பிடிக்கிறது. கெய்க்கியும் கெஸ்லரும் தொட்ட இழையை நூற்றாண்டு கடந்து முடிந்தவர்கள் இவர்கள்.

சிக்காகோவில் கழற்றிய பலகைகள் என்னவாயின என்பதே எஞ்சியது. மூன்றில் இரு பங்கு நொறுக்கப்பட்டு, இந்தியானா மாநிலத்து வைட்டிங் என்னும் ஊரிலிருந்த நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் தரை அழகுக்காகக் கொட்டப்பட்டது. ஆறில் ஒரு பங்கு கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. மீதி ஆறில் ஒரு பங்கு, உடல் ஊனமுற்ற தொழிலாளர் 25 பேர் வேலை செய்த ஒரு பட்டறைக்கு வழங்கப்பட்டது. வளைந்த பலகைகளை அவர்கள் சிறு துண்டுகளாக அறுத்து, மெருகேற்றி, மேசைக் கடிகாரங்களும் பேனாத் தாங்கிகளும் செய்தனர். நிறுவனங்கள் பரிசளிப்பதற்காக அவற்றை வாங்கின. வெயிலும் பனியும் எட்டாத அலுவலக அறைகளுக்குள் கராராக் கல் அவ்வாறு வந்து சேர்ந்தது.